வீரம்மாள் பெயரில் ஒரு ஸ்லைடு

நாயின் காது நுனியில் ஊசியை வைத்த சிங்காரம், குத்துவதற்கு முன்னால் ஒருமுறை தெருமுனையைப் பார்த்துக்கொண்டான். இன்ஸ்பெக்டரின் ஜீப் சத்தம் இல்லை. குத்தினான்.

மேஸ்திரி ஒரு முனகல் முனகிவிட்டு வாலை ஆட்டியது.

கண்ணாடித் துண்டின் ஒரு முனையில் கெட்டியாக ஒரு ரத்தப் பொட்டு. மறுமுனையில் இன்னொரு சொட்டை விட்டு, வேறொரு கண்ணாடியின் விளிம்பால் நாக்கு மாதிரி ஒரே இழுப்பு. எட்டு வருஷத் தொழில்; கை தன்னால் செய்தது. காய்ந்ததும் பென்சிலால் நம்பர் எழுதினான். நம்பருக்கு நேராக நோட்டில் பெயர் எழுதவேண்டும். எழுதினான்: வீரம்மாள், வயது முப்பத்து நாலு, இரண்டு நாள் காய்ச்சல்.

"மாசம் பொறந்தா போதும், எனக்குக் காய்ச்சல் வந்துடுது பாரு" என்றாள் அடுப்படியிலிருந்து வீரம்மாள், அவன் மனைவி. "என்னிக்கோ ஒரு நாள் என்னைய ஆஸ்பத்திரியில கொண்டு போய்ப் படுக்க வெக்கப்போறானுங்க. நாயி வெளிய நின்னு வேடிக்கை பாக்கும்."

"நெகட்டிவ்னுதானேடி வருது. எவன் பாக்கறான்?"

அதுதான் அவன் கணக்கு. எவனும் பார்க்கமாட்டான்.

சிங்காரம் மலேரியா ஊழியன். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் நாலு கிராமம் அவன் பொறுப்பு. சைக்கிளில் வீடு வீடாகப் போய், காய்ச்சல் யாருக்கு என்று கேட்டு, விரலில் குத்தி ரத்தம் எடுக்கவேண்டும். புதன்கிழமை பை கட்டி விழுப்புரத்து லேபுக்கு பஸ்ஸில் அனுப்பவேண்டும். மாதத்துக்கு இத்தனை ஸ்லைடு என்று கண்டிப்பு. மனிதர்கள் விரலைக் கொடுக்காத மாதங்களில் தன் விரலையே மூன்று தடவை குத்தி மூன்று பெயர் எழுதுவது இவன் ஒருத்தன் கண்டுபிடித்த வித்தை இல்லை. பொய்ப் பெயர் எழுதிப் பழகிய கைக்கு நாயின் ரத்தம் பெரிய பாவமாகத் தெரியவில்லை.

ஆனால் இது ஸ்லைடு கணக்குக்காக எடுத்த ரத்தம் இல்லை.

மேஸ்திரிக்கு முன்னால் ஒரு நாய் இருந்தது. கறுப்பு நிறம், பெயரும் கறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன், எண்பத்து நாலு கார்த்திகையில், அது திடீரென்று படுத்தது. மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போனது. சாக்கில் போட்டு சைக்கிளில் கட்டித் திண்டிவனம் கால்நடை டாக்டர் கோதண்டபாணியிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். அவர் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்து தன் உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்தத்துல பூச்சிய்யா. மூத்திரம் கறுத்தப்புறம் கொண்டாந்தா நான் என்ன பண்றது? பத்து நாள் முன்னாடி, நல்லா ஓடி ஆடிக்கினு இருந்தப்பவே ரத்தத்தை டெஸ்ட் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"எங்க சார் டெஸ்ட் பண்றது?"

"இங்க மைக்ராஸ்கோப் இல்ல. மெட்ராஸ்தான்."

மெட்ராஸ்! நாயின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்கு எவன் போவான்? கறுப்பு அன்று சாயங்காலமே போய்விட்டது. வீரம்மாள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அப்புறம் வந்ததுதான் மேஸ்திரி. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். சிங்காரத்தின் சைக்கிளுக்கு முன்னால் ஓடி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். வேலை சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கிற தோரணை. ஊர் வைத்த பெயர் அது. "மேஸ்திரி வந்துட்டாருடி, பின்னாடியே கொசுக்காரன் வருவான், ஓடு!" என்று பெண்கள் கம்பங்கொல்லைக்குள் ஓடி ஒளிவார்கள்.

இந்த நாயை அந்தப் பூச்சிக்குக் கொடுப்பதில்லை என்று சிங்காரம் முடிவு கட்டினான். மைக்ராஸ்கோப் மெட்ராஸில் மட்டுமா இருக்கிறது? விழுப்புரத்தில் அவன் டிபார்ட்மெண்டிலேயே ஒன்று இருக்கிறதே! மாதாமாதம் மேஸ்திரியின் காதில் ஒரு குத்து. மாதாமாதம் வீரம்மாளுக்குக் காய்ச்சல். ஐந்து மாதம் நெகட்டிவ்.

இது ஆறாவது.

*

அடுத்த புதன்கிழமை பையில் திரும்பி வந்த கார்டுகளில் ஒன்று மட்டும் சிவப்பு மையில் இருந்தது.

வீரம்மாள். பாசிட்டிவ். அதுவும் சாதாரண ரகம் இல்லை; மூளைக்கு ஏறுகிற ரகம். அவன் எட்டு வருஷத்தில் அந்த இரண்டு ஆங்கில எழுத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான்.

முதலில் அவனுக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். பிடித்துவிட்டோம்! மேஸ்திரி வாசலில் ஒரு ஓணானைத் துரத்திக்கொண்டிருந்தது. காலையில்தான் ஒரு தட்டு கேப்பைக் களியை நக்கி முடித்திருந்தது. பூச்சி உள்ளே வந்தது நாய்க்கே தெரியாது, நமக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் கோதண்டபாணி முன்னால் போய் நின்றான்.

"சார், நாய்க்கு ரத்தத்துல பூச்சி. ஊசி போடணும்."

டாக்டர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி அவர் செருப்பை மோந்து பார்த்தது.

"யாரு சொன்னது?"

"டெஸ்ட் பண்ணேன் சார்."

"எங்கே? ரிப்போர்ட்டைக் காட்டு."

சட்டைப் பையில் கை போனது. கார்டு விரலில் பட்டது. எடுத்துக் காட்டினால் என்ன இருக்கும்? வீரம்மாள், பெண், முப்பத்து நாலு. இந்த டாக்டரும் தன் மெடிக்கல் ஆபீசரும் ஒரே மெஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். ஒரு பேச்சுவாக்கில் விஷயம் விழுந்தால் போதும். ஆறு ஸ்லைடு அறுபதாகும், அறுபது அறுநூறாகும். வேலை நிரந்தரமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கை வெறுமையாக வெளியே வந்தது.

"ரிப்போர்ட்டு வூட்ல இருக்குது சார்."

"கொண்டா, பாக்கலாம். இது சும்மா போடற ஊசி இல்லைய்யா. நோய் இல்லாத நாய்க்குப் போட்டா ஊசியே கொன்னுடும். துள்ளிக்கினு நிக்கிற நாய்க்கு வாய் வார்த்தையை நம்பிப் போட முடியாது."

திரும்பி வரும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. ரத்தத்தில் பூச்சி என்று டாக்டரும் சொன்னார். ரத்தத்தில் பூச்சி என்று கார்டும் சொல்கிறது. ரத்தத்தில் பூச்சி என்றால் எட்டு வருஷமாக அவனுக்குத் தெரிந்தது ஒரே நோய். அதற்கான மாத்திரை அவன் தோள்பையிலேயே டப்பா டப்பாவாகக் கிடக்கிறது. எதற்கு ஊசி?

எடை போட்டான். பதினெட்டு கிலோ. ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன அளவோ அதே அளவு. கசப்பு தெரியாமல் இருக்கக் கருவாட்டுக்குள் வைத்துக் கொடுத்தான். மூன்று நாள், தவறாமல்.

"சாப்புட்டுடுச்சா?" என்று வீரம்மாள் கேட்டாள்.

"நக்கிடுச்சி. இனிமே கவலையில்ல."

சனிக்கிழமை மேஸ்திரி சைக்கிளுக்கு முன்னால் ஓடவில்லை, பின்னால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. மாத்திரையின் உஷ்ணம், மனுஷனுக்கே தலை சுற்றும் என்று சிங்காரம் சொன்னான். வீரம்மாள் நாயின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் போட்ட சத்தத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான்.

வேப்பமரத்தடி மண்ணில் ஈரம். கடுங்காப்பி நிறம்.

"யோவ், கறுப்புக்குப் போனமாதிரியே போவுதுய்யா! இன்னாத்தய்யா குடுத்த நீ?"

*

விழுப்புரம் லேப் என்பது ஓடு வேய்ந்த ஒற்றை அறை. ஜன்னலோரம் ஒரு மைக்ராஸ்கோப். அதற்குப் பின்னால் தேவகி. பதினாறு வருஷமாக நாளுக்கு அறுபது ஸ்லைடு பார்த்துப் பார்த்து, மனிதர்களைக்கூட ஒரு கண்ணை இடுக்கித்தான் பார்ப்பாள்.

"வாங்க சிங்காரம். நானே கேக்கணும்னு இருந்தேன். வூட்டம்மா எப்படி இருக்காங்க? மாத்திரை குடுக்க ஜீப் வந்துச்சா? டீசல் இல்லன்னு நாலு நாளா நிக்குதாம். இன்னிக்கு எப்படியும் வரேன்னாரு இன்ஸ்பெக்டரு."

இன்றைக்கா!

"மேடம், அது வீரம்மா இல்லிங்க."

"பின்னே?"

"நாயிங்க."

தேவகி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே போனது. பாதியிலேயே எழுந்து, மெட்ராஸுக்குச் சரிபார்க்க அனுப்ப வைத்திருந்த பெட்டியைத் திறந்து அந்த ஸ்லைடைத் தேடி எடுத்தாள். எண்ணெய்ச் சொட்டு விட்டு லென்ஸை இறக்கினாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"பூச்சி மோதிரம் மோதிரமா இருக்குது. ஒரே சிவப்பணுவுக்குள்ள நாலு மோதிரம். மூளைக்கு ஏறுற மலேரியாவுல பிறை மாதிரியும் சிலது கெடக்கும், இதுல ஒண்ணுகூட இல்ல. அன்னிக்கே நான் யோசிச்சிருக்கணும்." குரல் மெல்லிசாக வந்தது. "மெட்ராஸ்ல டிரெய்னிங்கில ஒரு வாத்தியார் ஒரு ஸ்லைடை வெச்சி இது இன்னான்னு கேட்டாரு. நாப்பது பேரும் மலேரியான்னோம். விழுந்து விழுந்து சிரிச்சாரு. நாயி ரத்தமாம். உண்ணி கடிச்சி வர்ற காய்ச்சலாம். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஜாக்கிரதைன்னாரு. ஆனா மனுசன் பேரு எழுதின ஸ்லைடுல நாயத் தேடச் சொல்லி அவரு எனக்குச் சொல்லிக் குடுக்கலியே சிங்காரம்!"

"மாத்திரை குடுத்தேங்க. மூணு நாள்."

"அந்த மாத்திரை இதுங்க கிட்டயே போவாது. மூணு நாளா நீங்க அதுக்குக் கசப்பைத்தான் குடுத்திருக்கீங்க. ஆரம்பத்துலயே புடிச்சிட்டோம். தெரியுதா உங்களுக்கு? ஆயிரம் அணு தேடினா ஒண்ணுலதான் பூச்சி. அன்னிக்கே சரியான மருந்து போயிருந்தா..."

முடிக்காமல் ஒரு காகிதத்தை இழுத்தாள். சீல் இல்லை, ஆபீஸ் பெயர் இல்லை. மனுஷர் பேரில் வந்தது நாய் ரத்தம், பூச்சி இன்னது என்று நாலு வரியும் கையெழுத்தும்தான். கையெழுத்துப் போடும்முன் பேனா ஒரு கணம் நின்றது. இந்த நாலு வரி நாளைக்கு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். போட்டாள்.

"கால்நடை ஆஸ்பத்திரி அடுத்த தெரு. ஜல்தியா ஓடுங்க."

அங்கே இருந்த டாக்டர் காகிதத்தைப் படித்தார். "நாய் எங்கே?" என்றார்.

"வூட்லங்க. பஸ்ஸுல ஏத்தமாட்டேன்னுட்டான்."

அவர் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து மஞ்சள் தூள் அடைத்த ஒரு சின்ன புட்டியை எடுத்துத் தந்தார். "அங்க மருந்து இருப்பு இருக்கோ இல்லியோ, இதை உங்க ஊர் டாக்டர் கோதண்டபாணி கையில குடுங்க. அவருக்குத் தெரியும். இன்னிக்கே போட்டாகணும்."

திண்டிவனம் பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் ரயில்வே கேட் விழுந்தது. ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. சிங்காரம் படிக்கட்டில் நின்று பெட்டிகளை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கையை விட்டுவிட்டான். விக்கிரவாண்டியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். "அண்ணே, ஜல்தி அண்ணே" என்றான். "இன்னா நைனா, புள்ளைப்பேறா?" என்று கேட்டார் டிரைவர், டம்ளரை ஆற்றியபடியே.

*

கோதண்டபாணி காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஆக, அன்னிக்கு உன் பையில ரிப்போர்ட் இருந்துச்சு."

"ஆமாங்க."

"வேற பேர்ல இருந்துச்சு. அதனால காட்டல."

"நீங்களும் எங்க மெடிக்கல் ஆபீசரும் ஒரே மெஸ்ஸுன்னு..."

"யோவ்!" டாக்டர் மேஜையைத் தட்டினார். "அந்தாளுக்கும் எனக்கும் மூணு மாசமா பேச்சே கிடையாது. பேசினாத்தான் என்ன, நான் போலீஸா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வியாழக்கிழமையே போட்டு அனுப்பியிருப்பேனே. ஒரு ஊசியோட முடிஞ்சிருக்கும்யா!"

சிங்காரத்துக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு ஊசி. அந்த இரண்டு சொல்தான் ஏறியது. டாக்டர் ஏற்கனவே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் ஜீப் தெரிந்தது. அவன் வீட்டு வாசலிலேயே நின்றது.

மலேரியா இன்ஸ்பெக்டர் சவுரிராயன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் வீரம்மாள், கையில் செம்பு. ஊரில் பாதி வேலிக்கு அந்தப் பக்கம்.

"வாய்யா சிங்காரம்! பொண்டாட்டிய இந்தக் கோலத்துல விட்டுட்டு எங்கய்யா சுத்திக்கினு இருக்க? நல்லவேளை நான் வந்தேன். நாலு பெரிய மாத்திரை, ஆறு சின்ன மாத்திரை, என் கண்ணு முன்னாலயே முழுங்க வெச்சிட்டேன். காட்டும்மா, வாயத் தொற."

வீரம்மாள் வாயைத் திறந்து காட்டினாள். கடைசி மாத்திரையும் உள்ளே போயிருந்தது. அவள் கண் மட்டும் சிங்காரத்தின் மேல் இருந்தது. ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புருஷன் வேலையைப் பத்து மாத்திரையாக விழுங்கி வைத்திருந்தாள்.

"இது யாரு, மாட்டு டாக்டரா?" என்றார் சவுரிராயன். "நாய்க்கும் முடியலியா? வூட்டு நேரம் சரியில்லய்யா உனக்கு."

கோதண்டபாணி மருந்துப் பையோடு அவரைத் தாண்டிப் போனார். கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். மேஸ்திரி ஸ்கூட்டர் சத்தத்துக்கும் தலையைத் தூக்கவில்லை. சிங்காரத்தின் குரலுக்கு மட்டும் மடிந்த காது லேசாக அசைந்தது. டாக்டர் அதன் உதட்டைத் தூக்கினார். ஈறு சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

சிங்காரம் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் புட்டியில் தண்ணீர் ஏற்றிக் குலுக்கி, மஞ்சளாகக் கரைந்ததைத் தொடையில் போட்டார்.

"எப்ப எழுந்திருக்கும் சார்?"

"மருந்து பூச்சியக் கொல்லும். பூச்சிங்க செத்துடும்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "உள்ள மிச்ச ரத்தம் வேணுமில்லய்யா, எழுந்திருக்க."

ஜீப் கிளம்பியது. போகும்போது சவுரிராயன் தலையை வெளியே நீட்டி, "மாசாமாசம் வூட்டம்மாவுக்கு ஒரு ஸ்லைடு எடுத்து அனுப்பணும். ஒரு வருசம். மறந்துடாத!" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கெங்கம்மாள், "பாவம், மூளைக் காய்ச்சலாம்டி வீரம்மாளுக்கு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே நகர்ந்தாள்.

வீரம்மாள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கட்டிலடியில் நாயின் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டாள். சிங்காரம் ஈரத்துணியை முறுக்கிக் கொண்டுவந்தான். யாருக்கு வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

மாடுகள் வீடு திரும்பும் நேரத்தில் மேஸ்திரி மூச்சு விடுவதை நிறுத்தியது. வெயில்கூட இன்னும் முழுசாக இறங்கவில்லை.

*

அந்த மாதக் கூட்டத்தில் சவுரிராயன் எழுந்து பேசினார்.

"நம்ம சிங்காரத்தைப் பாத்து எல்லாரும் கத்துக்கணும். சொந்தப் பொண்டாட்டின்னு பாக்காம மாசாமாசம் ரத்தம் எடுத்திருக்காரு. நோய் முத்தறதுக்கு முன்னாடியே புடிச்சாச்சு. மருந்து குடுத்தாச்சு. ஒரு உசுரு புழைச்சிடுச்சு. எழுந்திருய்யா சிங்காரம்."

எழுந்து நின்றான். கை தட்டினார்கள். கை தட்டல் அடங்கும்வரை உட்காரக்கூடாது என்று யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

அந்த ஸ்லைடு தேவகியின் பெட்டியிலிருந்து மெட்ராஸுக்குப் போயிற்றா, வழியில் உடைந்ததா, அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. விழுப்புரம் போனால் பையை ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிடுவான்.

இரண்டாம் மாதம் பிறந்தது. நாலு ஊர் சுற்றிவிட்டு வந்து, கடைசியாகத் தன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான். வீரம்மாள் முறத்தில் மல்லாட்டை உடைத்துக் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தேவைக்கு மேல் ஒரு வார்த்தை அவள் பேசுவதில்லை. பையைப் பார்த்ததும் இடது கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"இது போவ இன்னும் எத்தினி?"

"பத்து."

ஊசியை எடுத்தான். அவள் விரலைப் பிடித்தான். எத்தனையோ ஆயிரம் விரலைப் பிடித்த கை அது. பிடித்தபடியே இருந்தான், குத்தவில்லை.

அவள் அவன் கையிலிருந்து ஊசியை வாங்கித் தானே குத்திக்கொண்டு, வந்த சொட்டைக் கண்ணாடியில் வைத்தாள்.

"பேரை எழுது" என்றாள்.